கோபம் வரும் உத்தேசத் தேதி

சிறுநீரகத்தில் கோளாறு என்று தெரிந்த அன்று அன்பழகன் செய்த முதல் காரியம், ஒரு நோட்டீஸ் தயாரித்தது. வேறு யாராவது என்றால் அழுதிருப்பார்கள், இல்லை கோயிலுக்கு நேர்ந்துகொண்டிருப்பார்கள். போர்ட் பிளேரில் கப்பல் டிக்கெட் கவுண்டரில் இருபத்து நான்கு வருஷம் உட்கார்ந்து தேய்ந்தவருக்கு, உலகத்தில் எது நடந்தாலும் அதை முதலில் பலகையில் ஒட்டியாக வேண்டும். அழுகையெல்லாம் அதற்குப் பிறகுதான்.

அந்தப் பலகையில் ஒட்டுகிற எல்லாத் தாளிலும் தலையில் ‘டென்டேட்டிவ்’, அதாவது உத்தேசம், என்று ஒரு வார்த்தை இருக்கும். லாங் ஐலண்டுக்குப் படகு எட்டாம் தேதி, டென்டேட்டிவ். சென்னைக்குக் கப்பல் பன்னிரண்டாம் தேதி, அதுவும் டென்டேட்டிவ். காற்று மாறலாம், எஞ்சின் மக்கர் பண்ணலாம், மேலிடத்திலிருந்து யாராவது வந்து இறங்கலாம். தீவுக்காரர்கள் எல்லாரும் இதற்குப் பழகியவர்கள்தான். ஆனாலும் பலகையைப் பாதி படித்துவிட்டு, ஜன்னலுக்குள் தலையை நுழைத்துச் சண்டை போடாமல் அவர்களால் இருக்க முடியாது. அன்பழகன் ஒரு நாளும் திருப்பிச் சத்தம் போட்டதில்லை. “நோட்டீஸ் பூரா படியே, பாய்” என்று ஹிந்தியில் சொல்வார். முழுசாகப் படியுங்கள் தம்பி, அவ்வளவுதான். அதைச் சொல்லும்போதே குரலில் ஒரு மன்னிப்பு கலந்திருக்கும்.

தங்கமான மனுஷன் என்று அவர் குடியிருந்த ஷாதிபூர் முழுக்க அவருக்குப் பெயர். வாயில் விரல் வைத்தால் கடிக்கத் தெரியாது. கால் வீங்கிச் செருப்பு இறுக்கியபோது, புதுச் செருப்பு அதற்குள் சுருங்கிவிட்டதே என்று கடைக்காரனைக் கேட்கப் போனவர், ஒன்றும் கேட்காமல் ஒரு நம்பர் பெரிதாக இன்னொரு ஜோடி வாங்கிக்கொண்டு திரும்பினார். வீங்கியது கால், சுருங்கியது செருப்பு அல்ல என்பது ஆஸ்பத்திரிக்குப் போன பிறகுதான் தெரிந்தது.

இந்தத் தங்கத்தால் வீட்டில் ஒரு ஜீவனுக்கு எந்தப் பிரயோஜனமும் இல்லை. அது அவர் மனைவி சுகுணா.

அன்பழகனின் அக்கா விஜயகுமாரி அதே ஊரில் குட்வில் எஸ்டேட் பகுதியில் இருந்தாள். அப்பா அம்மா போன பிறகு பரமக்குடியில் சித்தப்பா வீட்டில் மிச்சச் சோறு தின்றுகொண்டிருந்த பதினாறு வயசுத் தம்பியை, கப்பல் டிக்கெட் எடுத்து வரவழைத்தவள். படிக்க வைத்து, வேலைக்கு மனுப் போட வைத்து, பெண் பார்த்துக் கட்டியும் வைத்தாள். கட்டி வைத்த பெண்ணைத்தான் பிறகு அவளுக்குப் பிடிக்காமல் போய்விட்டது. இருபத்திரண்டு வருஷமாக வாரத்தில் நாலு நாள் வந்து, சுகுணாவின் ரசம், சுகுணாவின் கோலம், சுகுணா துணி உலர்த்தும் விதம், சுகுணாவின் பிறந்த வீடு என்று ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டிப் பார்த்துவிட்டுப் போவாள். அந்த நேரத்தில் அன்பழகன் பேப்பர் படிப்பார். மெயின்லாந்துப் பேப்பர், இரண்டு நாள் பழசு. அதில் படிக்க ஒன்றுமே இல்லாதபோதும் படிப்பார்.

சுகுணா இது பற்றி ஒரே ஒரு தடவை பேசினாள். அதுவும் மகள் கார்த்திகா காலேஜுக்குச் சென்னை போன வருஷம், வீட்டில் இரண்டு பேர் மட்டும் மிஞ்சியபோது.

“ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, ‘அக்கா, அப்படிச் சொல்லாதே’ன்னு சொல்லியிருக்கீங்களா? சண்டையெல்லாம் வேணாங்க. அந்த மூணு வார்த்தை போதும்.”

மூன்று வார்த்தை. அன்பழகன் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார், சரியாகத்தான் இருந்தது. சொல்லத்தான் முடியவில்லை. அக்காவின் முகத்தைப் பார்த்ததும் அந்தக் கப்பல் டிக்கெட் ஞாபகம் வரும். அதன் பிறகு சுகுணா கேட்கவில்லை.

ஆகவே டாக்டர் பேசிய அன்று என்ன நடந்தது என்பதை இந்தப் பின்னணியோடுதான் பார்க்க வேண்டும். சுகுணா வெளியே மருந்து வாங்கும் வரிசையில் இடம் பிடித்து நின்றாள். வரிசை விஷயத்தில் அன்பழகனுக்கு மிஞ்சிய நிபுணர் தீவிலேயே கிடையாது என்பதால், அந்த ஏற்பாடு அவருடையது. உள்ளே டாக்டர் ஹிந்தியும் இங்கிலீஷுமாகப் பொறுமையாக விளக்கினார். ஆறு மாதத்துக்கு ஸ்டீராய்டு மாத்திரை. நடுவில் நிறுத்தவே கூடாது. உப்பு ஆகாது. பசி கன்னாபின்னாவென்று எடுக்கும், முகம் உருண்டையாக வீங்கும், சர்க்கரை ஏறலாம், தூக்கம் கெடலாம். கடைசியாக, “குஸ்ஸா பீ ஆ சக்தா ஹை” என்றார். கோபமும் வரலாமாம்.

அன்பழகன் நிமிர்ந்து உட்கார்ந்தார். நிஜமாகவா என்று கேட்டார். சில பேருக்கு வரும், அடக்க முடியாமல் கத்துவார்கள், வீட்டில் இருப்பவர்களிடம் முன்பே சொல்லி வையுங்கள் என்றார் டாக்டர்.

வியாதியைக் கேட்டு வராத நம்பிக்கை பக்க விளைவைக் கேட்டு வந்தது. இருபத்திரண்டு வருஷமாகத் தன்னால் முடியாததை ஒரு மாத்திரை செய்து கொடுக்கப் போகிறது. பேச்சு விழுவது அக்காவுக்கு, ஆறுதல் சுகுணாவுக்கு, பழி மாத்திரைக்கு. தன் சட்டையில் ஒரு சொட்டும் தெறிக்காது. இவ்வளவு கோழைத்தனமான திட்டத்தை இவ்வளவு வேகமாகப் போட முடிந்ததில் அவருக்கே கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் திட்டத்தைக் கைவிடவில்லை.

அதற்குப் பிறகு டாக்டர் சொன்னது எதுவும் சரியாகக் காதில் ஏறவில்லை. முதுகில் ஊசி விட்டு எடுத்த துணுக்கு சென்னைக்குப் போயிருப்பதைப் பற்றி, ரிப்போர்ட்டைப் பற்றி என்னமோ சொன்னார். சீட்டில் ஐந்தாறு வரி எழுதினார். அன்பழகன் எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டே மனசுக்குள் நோட்டீஸ் எழுதிக்கொண்டிருந்தார்.

மறுநாள் அது ஃப்ரிட்ஜ் கதவில் ஏறியது. தலைப்பு, ‘பக்க விளைவுகளின் உத்தேச நிகழ்ச்சி நிரல், மாறுதலுக்கு உட்பட்டது’. முதல் வாரம் பசி, முறுக்கு டப்பா பூட்டி வைக்கப்படும். இரண்டாம் வாரம் தூக்கமின்மை. மூன்றாம் வாரம் முகம் வீங்குதல், அடையாளம் தெரியாதவர்கள் குரலை வைத்துக் கண்டுகொள்ளவும். கோபம் எந்த நேரமும் வரலாம். அச்சமயம் சொல்லப்படும் எதற்கும் கீழே கையொப்பமிட்டவர் பொறுப்பல்ல, முன்கூட்டியே மன்னிப்புக் கோரப்படுகிறது. கீழே தேதியோடு கையெழுத்து. ரப்பர் ஸ்டாம்பு மட்டும்தான் பாக்கி.

குடும்ப வாட்ஸப் குழுவிலும் போட்டார். கார்த்திகா சிரித்துச் சிரித்துக் கண்ணீர் விடுகிற பொம்மை முகம் ஏழு அனுப்பினாள். அக்கா போன் செய்து, என் தம்பிக்குக் கோபமா, அவனுக்குக் காய்ச்சல்கூட அனுமதி கேட்டுத்தானே வரும் என்று சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் அழுதாள்.

மற்ற ஏற்பாடுகளும் குறைவில்லாமல் நடந்தன. மூன்று சட்டை இரண்டு அளவு பெரிதாகத் தைக்கக் கொடுத்தார். முகம் வீங்குவதற்கு முன்னால் இருந்த நிலைமைக்கு ஆதாரமாக ஒரு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுத்து, ஷேவ் பண்ணுகிற கண்ணாடியின் ஓரத்தில் செருகி வைத்தார். மீன்காரப் பெண்மணியிடமும் பஸ் கண்டக்டரிடமும் எதிர்வீட்டுத் தெலுங்குக்காரரிடமும் போய், இனிமேல் நான் திட்டினால் மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். மூவரும் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். மீன்காரப் பெண்மணி ஒரு கைப்பிடி இறால் கூடுதலாகப் போட்டாள்.

மாத்திரைகளை யார் கையிலும் கொடுக்கவில்லை. சுகுணாவின் பழைய அஞ்சறைப் பெட்டியை வாங்கி, அட்டைகளைத் துண்டு துண்டாக வெட்டி, அறைக்கு ஒரு வகையாக அடுக்கினார். ஆஸ்பத்திரியில் கொடுத்தவை நாலு வகை. அதில் எல்லாவற்றிலும் பெரிதாக, வெள்ளையாக, தொண்டையில் நின்று விசாரித்துவிட்டு இறங்குகிற ஒன்று இருந்தது. அதுதான் ஸ்டீராய்டு என்று கண்டுகொண்டார். பெரிய வியாதிக்குப் பெரிய மாத்திரை, இதற்குப் படிப்பு எதற்கு. தினமும் காலையில் அதை விழுங்கும்போது சீரக வாசனை அடித்தது.

ஆபீசிலும் நோட்டீஸின் ஒரு பிரதியை ஒட்டினார், அங்கே அதற்குக் கிடைத்த வரவேற்பை அவர் எதிர்பார்க்கவில்லை. பக்கத்துக் கவுண்டர் பிஸ்வாஸ் அதை இரண்டு முறை படித்தார். பிஸ்வாஸ் லிட்டில் அந்தமான் பெங்காலி, லீவுக்கு எழுதிக் கொடுத்து மூன்று மாதமாக சூப்பிரண்டு மேஜையில் அந்த மனு தூங்குகிறது. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, கோபம் வருகிற அன்று சூப்பிரண்டு அறைக்குள் போய்ச் சும்மா ஒரு ஐந்து நிமிஷம் கத்திவிட்டு வர முடியுமா என்று கேட்டார். மருத்துவச் சான்றிதழ் இருக்கிறது, யாரும் ஒன்றும் செய்ய முடியாது என்று சட்டமும் சொன்னார். சாயங்காலத்துக்குள் இன்னும் நாலு பேர் வந்துவிட்டார்கள். ஒருவருக்கு வீட்டுக்காரரைத் திட்ட வேண்டும், இன்னொருவருக்கு மைத்துனனை. இல்லை என்று சொல்லத் தெரியாத அன்பழகன், எல்லாருடைய பெயரையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொருவருக்கும் வெயிட்டிங் லிஸ்ட் நம்பர் கொடுத்தார். தன் கோபத்துக்கு இவ்வளவு கிராக்கி இருக்கும் என்று தெரிந்திருந்தால் முன்பே உற்பத்தி செய்திருக்கலாம்.

முதல் வாரம் பசி சொன்ன தேதிக்கு வந்தது. பூட்டிய முறுக்கு டப்பாவின் சாவியை அவரே ஒளித்து, அவரே கண்டுபிடித்தார். தூக்கமின்மையும் வந்தது, படுத்துக்கொண்டு, இன்னும் தூங்கவில்லையே, சரியாகத்தான் வேலை செய்கிறது என்று யோசித்துக்கொண்டே இருந்தார். பத்தாம் நாள் கண்ணாடியில் போட்டோவையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து, இடது கன்னம் கிளம்பிவிட்டது என்று தீர்மானித்தார். பிஸ்வாஸ் மரியாதைக்காக, வலதும்தான் தாதா என்றார், தாதா என்றால் பெங்காலியில் அண்ணன்.

கோபம் மட்டும் வரவில்லை. வரிசையில் ஒருவன் ஜன்னலுக்குள் தலையை விட்டு, உன் வீட்டுக் கப்பலா என்று கேட்டபோது நெஞ்சுக்குள் சூடாக ஏதோ கிளம்பியது. இதோ வருகிறது என்று காத்திருந்தார். ஏப்பம் வந்தது. அக்கா புதன்கிழமை வந்து, ஜன்னல் திரையைத் துவைத்து எத்தனை மாமாங்கம் ஆச்சு என்று சுகுணாவைக் கேட்டபோதும் காத்திருந்தார். ஒன்றும் வரவில்லை. கை தானாகப் பேப்பரை எடுத்தது. சுகுணா திரையைக் கழற்றிக்கொண்டு போய் ஊற வைத்தாள். மாத்திரைகூடத் தன்னிடம் தோற்றுவிட்டதே என்று அன்றைக்கு அவருக்கு உண்மையிலேயே துக்கமாக இருந்தது.

பதின்மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. அக்கா மதியச் சாப்பாட்டுக்கு வந்தாள், கையில் ஒரு டப்பாவோடு. தம்பி வாய் செத்துப் போய்க் கிடக்கும், நாக்குக்கு இதமாக இருக்கட்டும் என்று நெத்திலிக் கருவாடு வறுத்துக் கொண்டுவந்திருந்தாள். உப்பு ஆகாது என்று ஐந்து தரம் சொல்லியிருந்தும். அன்புதான், சந்தேகமே இல்லை. அக்காவின் அன்பில் எப்போதுமே உப்பு தூக்கல்.

அடுப்படியில் இரண்டு பாத்திரங்கள் இருந்தன, ஒன்றில் உப்புப் போட்ட குழம்பு, ஒன்றில் போடாதது. அக்கா போடாததில் கரண்டியை விட்டு உள்ளங்கையில் ஊற்றி நக்கிப் பார்த்தாள். முகம் கோணியது.

“இத மனுஷன் திம்பானா? நல்ல உப்பு ஒறப்பு போட்டு வளத்த ஒடம்பு அவனுது. இருபத்திரெண்டு வருசம் இவ கையால தின்னுதான் அவனுக்குக் கிட்னி போச்சு.”

சுகுணா சாதம் பரிமாறிக்கொண்டிருந்தாள். கரண்டி பாதியில் நின்றது, பிறகு மறுபடி நகர்ந்தது. அவள் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆரம்ப வருஷங்களில் இந்த மாதிரி நேரத்தில் ஒரு பார்வை பார்ப்பாள், அது அவருக்கு ஞாபகம் இருந்தது. எப்போது அதை நிறுத்தினாள் என்பது ஞாபகம் இல்லை. அவள் தன் தட்டில் ஊற்றிக்கொண்டது உப்பில்லாத குழம்பு என்பதையும் அப்போதுதான் கவனித்தார். பதின்மூன்று நாளாக அதையேதான் ஊற்றிக்கொண்டிருக்கிறாள். அவர் கன்னத்தை அளந்துகொண்டிருந்த பதின்மூன்று நாளும்.

“அக்கா, அப்படிச் சொல்லாதே.”

யாருடைய குரல் என்று அவரே திரும்பிப் பார்த்திருப்பார். ஆனால் அதற்குள் மிச்சமும் வந்துவிட்டது.

“உப்பில்லாத சோத்த அவளும்தான் தின்னுகிட்டு இருக்கா. நோயாளி நான் ஒருத்தன், பத்தியம் ரெண்டு பேரு. டாக்டர் வேணாங்குற உப்ப டப்பால அடைச்சுக் கொண்டாந்தது நீ. என் கிட்னிக்கு அவளையா குத்தம் சொல்லுற? இந்த வீட்டுல அவள ஒரு வார்த்த சொல்றதா இருந்தா, இனிமே வராத.”

கத்தினார். எதிர்வீட்டுத் தெலுங்குக்காரர் டிவியின் சத்தத்தைக் குறைத்தது கேட்டது. அக்கா வாயைத் திறந்தபடி நின்றாள். அவள் கண் மெதுவாக ஃப்ரிட்ஜ் கதவுக்குப் போயிற்று. நோட்டீஸில் நின்றது. ‘கோபம் எந்த நேரமும் வரலாம்.’ முகத்தில் இருந்த அடிபட்ட தோற்றம் அப்படியே கரைந்து பரிதாபமாக மாறியது.

“மாத்திரை பேசுது” என்றாள். கிட்டே வந்து தலையைத் தடவிக் கொடுத்தாள். “என் தம்பி பேசல, மாத்திரை பேசுது. அப்படித்தானேய்யா?”

இங்கேதான் அன்பழகன் தன்னை மன்னிக்கவே முடியாத காரியத்தைச் செய்தார். தலையை ஆட்டினார். ஆமாம் என்று. நோட்டீஸ் ஒட்டியதே அதற்குத்தானே.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு போன பிறகு, சுகுணா பாத்திரங்களைக் கழுவி முடித்துவிட்டு வந்து எதிரில் நின்றாள். முகம் கொஞ்சம் சிவந்திருந்தது. அழுதாளா, அடுப்பு வெக்கையா தெரியவில்லை.

“அந்த மூணு வார்த்தைய காதால கேட்டேங்க” என்றாள். கொஞ்ச நேரம் புடவைத் தலைப்பை மடித்துக்கொண்டிருந்தாள். “ஆறு மாசம் கழிச்சு மாத்திரைய நிப்பாட்டுவாங்கல்ல. அப்ப இதுவும் நின்னுரும், இல்ல?”

அவளுக்கு அது குறை சொல்வதாகக்கூடத் தோன்றவில்லை. லீவு எத்தனை நாள் என்று கேட்கிற மாதிரி கேட்டாள். நோட்டீஸில் அதற்கு வரி இல்லை.

திங்கட்கிழமை ஆபீசுக்குள் நுழைவதற்கு முன்னாலேயே செய்தி நுழைந்திருந்தது. தெலுங்குக்காரரின் தம்பி சரக்கு செக்‌ஷனில் இருந்தான். பிஸ்வாஸ் ஓடி வந்து கையைக் குலுக்கி, ‘சாலூ ஹோ கயா?’ என்று கேட்டார், ஓட ஆரம்பித்துவிட்டதா என்று, ஏதோ மோட்டாரைக் கேட்பதுபோல. வெயிட்டிங் லிஸ்டில் தான்தான் முதல் நம்பர் என்பதையும் நினைவுபடுத்தினார். அதற்கு வேலை இல்லாமல் போயிற்று. அன்பழகன் வழக்கமான வணக்கம் சொல்லத்தான் சூப்பிரண்டு அறைக்குள் தலையை நீட்டினார். அந்த மனுஷர் அவசர அவசரமாகப் பிஸ்வாஸின் லீவு மனுவைத் தேடி எடுத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

பதினொரு மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து நளினி சிஸ்டர் போன் செய்தாள். சென்னையிலிருந்து ரிப்போர்ட் வந்துவிட்டது, டாக்டர் பார்த்துவிட்டார், மெயின் மாத்திரையை வந்து வாங்கிக்கொண்டு நாளைக் காலையிலிருந்து ஆரம்பியுங்கள் என்றாள்.

எந்த மெயின் மாத்திரை என்று கேட்டார் அன்பழகன்.

ஸ்டீராய்டுதான் சார் என்றாள்.

அதை நான் இரண்டு வாரமாகப் போடுகிறேனே, பக்க விளைவுகூட எல்லாம் வந்துவிட்டது என்றார். பிறகு சிஸ்டர் ரொம்ப நிதானமாக, கையில் இருக்கிற அட்டைகளைப் படிக்கச் சொன்னாள். அஞ்சறைப் பெட்டி ஆபீஸ் பையில்தான் இருந்தது. ஒவ்வொன்றாக எழுத்துக் கூட்டினார். ஒன்று பி.பி.க்கு. ஒன்று நீர் பிரிய. ஒன்று வயிறு புண்ணாகாமல் இருக்க. அந்தப் பெரிய வெள்ளை மாத்திரை, தொண்டையில் நின்று விசாரிக்கிற மாத்திரை, கால்சியம்.

“சீட்டுல எழுதியிருக்குமே சார். படிக்கலையா?” என்றாள் நளினி சிஸ்டர்.

ஃபைலிலிருந்து சீட்டை எடுத்தார். ஐந்தாவது வரி. மாத்திரையின் பெயர், அளவு, பக்கத்தில் ‘ரிப்போர்ட் வந்த பிறகு’ என்று எழுதி, டாக்டர் அதன் கீழே இரண்டு கோடு வேறு போட்டிருந்தார். நோட்டீஸ் பூரா படியே, பாய். இருபத்து நான்கு வருஷமாக ஒரு லட்சம் பேரிடமாவது சொல்லியிருப்பார்.

போனை வைத்துவிட்டு, பயணிகள் உட்காருகிற பெஞ்சில் போய் உட்கார்ந்தார். கால்சியத்தால் முகம் வீங்கிய முதல் மனிதன். முறுக்கை அவரே தின்றிருக்கிறார். தூக்கத்தை அவரே விரட்டியிருக்கிறார். இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம், சிரிக்கவும் சிரித்தார். பிறகு ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்தது. சிரிப்பு நின்றது.

அப்படியானால் அது யார்?

பயம் என்றால் அப்போதுதான் பயம். வியாதி என்றபோதுகூட இப்படி இல்லை. அக்காவைப் பார்த்து, இனிமேல் வராதே என்று சொன்னது எந்த மருந்தும் இல்லை. கப்பல் டிக்கெட் எடுத்துக் கொடுத்தவளை, அவள் போட்ட சோற்றைத் தின்று வளர்ந்த உடம்போடு, அவரே சொல்லியிருக்கிறார்.

ஒரு வழி இருந்தது. அன்பழகனுக்கு வழி தோன்றாமல் இருக்குமா. யாரிடமும் வாயைத் திறக்க வேண்டாம். நாளைக் காலையில் நிஜ மாத்திரை ஆரம்பித்துவிடும், முன்தேதியிட்டு எல்லாவற்றையும் அதன் கணக்கில் ஏற்றிவிடலாம். ஆறு மாதத்துக்கு அக்கா மன்னிப்பாள், சூப்பிரண்டு பயப்படுவார், எல்லாருக்கும் சௌகரியம். சுகுணா மட்டும் ஆறு மாதம் முடிகிற நாளை எண்ணிக்கொண்டிருப்பாள்.

அரை நாள் லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். ஸ்டீராய்டு மாத்திரை மிளகை விடக் கொஞ்சம்தான் பெரிசு. இதற்காகவா மூன்று சட்டை தைத்தோம் என்று இருந்தது.

அவர் வீடு வந்து சேர்ந்தபோது ஐந்து மணி, தீவில் பொழுது சீக்கிரம் சாய்ந்துவிடும், இருட்டிக்கொண்டு வந்தது. அக்கா ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தாள். வராதே என்று சொல்லி முழுசாக ஒரு நாள்தான் ஆகியிருந்தது. டப்பா இல்லை, முருகன் கோயில் விபூதிப் பொட்டலம் இருந்தது. சுகுணா வழக்கம்போல அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். நாத்தனார் இருக்கும்போது அவள் உட்கார மாட்டாள், அது யாரும் எழுதி ஒட்டாத நோட்டீஸ்.

அக்கா எழுந்து வந்து அவர் நெற்றியில் விபூதி பூசினாள். நான் ஒன்றும் மனசில் வைத்துக்கொள்ளவில்லை, மாத்திரை இறங்க இறங்க எல்லாம் சரியாகப் போகும் என்றாள். அதைச் சொல்லிக்கொண்டே ஜன்னலைப் பார்த்து, திரையை நீலம் போடாமலே மாட்டியிருக்கிறாள் பார் என்றும் சொன்னாள்.

அன்பழகன் பையைத் திறந்தார். புது மாத்திரைப் பெட்டியை, ஒட்டியிருந்த காகிதம்கூடப் பிரியாமல், எடுத்து மேஜையில் வைத்தார். பக்கத்தில் அஞ்சறைப் பெட்டியையும் டாக்டர் சீட்டையும் வைத்தார்.

“அக்கா, இதான் அந்த மாத்திரை. நாளைக்குத்தான் ஆரம்பம்.”

“அப்ப இவ்வளவு நாளா?”

“சுண்ணாம்புச் சத்து.”

அக்கா பெட்டியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். கணக்குப் போடுகிறாள் என்று தெரிந்தது.

“அப்ப நேத்துப் பேசினது?”

“நான்தான்க்கா. இனிமேயும் நான்தான் பேசுவேன். நீ வரணும், வராம இருக்காதே. ஆனா அவளச் சொல்லாதே.”

கத்தவில்லை. குரலில் வழக்கமான மன்னிப்புகூடக் கொஞ்சம் கலந்துதான் இருந்தது, அதை என்ன செய்தும் எடுக்க முடியவில்லை. அக்கா உட்கார்ந்து விபூதிப் பொட்டலத்தை மடித்து மேஜையில் வைத்தாள். பிறகு குடையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். கேட்டைத் தாண்டியதும் ஒரு தடவை திரும்பினாள்.

“மாத்திரை போடாமயே இந்தப் பேச்சு. போட்டுட்டா என்னென்ன பேசுவானோ” என்று பொதுவாகச் சொன்னாள். “வெள்ளிக்கிழமை வாரேன்.”

அவள் மேட்டிலிருந்து இறங்கி ஆட்டோவுக்குக் கை காட்டும் வரைக்கும் அன்பழகன் பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளே வந்தபோது கண்ணில் தண்ணீர் வந்தது. விபூதி விழுந்துவிட்டது என்று தனக்குத் தானே ஒரு நோட்டீஸ் தயாரித்துக்கொண்டார்.

சுகுணா சர்க்கரை இல்லாத டீ இரண்டு தம்ளர் கொண்டுவந்தாள். ஒன்றை அவர் முன்னால் வைத்தாள். இன்னொன்றை எடுத்துக்கொண்டு, அக்கா எப்போதும் உட்காருகிற நாற்காலியில் உட்கார்ந்தாள். ஃப்ரிட்ஜ் கதவைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கையை நீட்டி அஞ்சறைப் பெட்டியையும் புது மாத்திரைப் பெட்டியையும் சீட்டையும் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள்.

“நாளையிலேர்ந்து மாத்திரைய நான் எடுத்துத் தாரேன்” என்றாள். “நீங்க பேசுங்க, போதும்.”